ஓரப்பார்வை

அத்தியாயம் 9

கடைசி நிறுத்தத்துக்கு முந்தின நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி தாண்டினதும் இறங்கிக்கோ என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர். வீட்டுக்கு வழி கேட்டால் தெருப் பெயர் வராது. நிறுத்தக் கணக்குத்தான் வரும்.

மகள் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு இறங்கினாள். ஒன்றில் அப்பாவின் கம்பளித் துணிகள், இன்னொன்றில் கொஞ்சம் பாத்திரமும் பழைய ரேடியோவும். போன ஞாயிற்றுக்கிழமை நகரத்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தபோது மிஞ்சியவை. அன்றைக்கு வெறுமையான அறைகளில் நின்று அவள் அழுது தீர்த்ததை யாரும் பார்க்கவில்லை. இன்றைக்கு அழுகிற உத்தேசமில்லை. பெட்டியை வைப்பது, ஒரு வாய் டீ குடிப்பது, மூன்று மணி பஸ்ஸைப் பிடிப்பது. மனசுக்குள் ஒரு டைம்டேபிள் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அப்பாவும் அந்த அம்மாளும் இங்கே குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. 'வர்றேன், வர்றேன்' என்று மூன்று ஞாயிறுகளைத் தள்ளிவிட்டாள். முதல் வாரம் கடையில் ஸ்டாக் எடுப்பு. இரண்டாவது வாரம் தலைவலி. மூன்றாவது வாரம் வீட்டைக் காலி செய்யும் வேலை. மூன்றில் அது ஒன்றுதான் நிஜம்.

அந்த அம்மாள். அப்படித்தான் அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகும் முன்பே, ஐம்பத்தொன்பது வயசில், அப்பா பதிவு அலுவலகத்துக்குப் போய், கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தரைக் கல்யாணம் செய்துகொண்டார். மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை என்று இரண்டு தரம் உதறினாள். பேனா நன்றாகத்தான் எழுதியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அண்ணன் வரவே இல்லை. 'வேலை இருக்கு' என்று ஒரு வரி அனுப்பியதோடு சரி.

அதற்கப்புறம் மூன்று மாதமாக அவளுக்கு ஒரே சிக்கல். என்னவென்று கூப்பிடுவது? 'அம்மா' வாயில் வராது. 'சித்தி' என்றால் எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்ன மாதிரி ஆகிவிடும். 'ஆன்ட்டி' என்றால் அப்பாவின் முகம் சுருங்கும். அதனால் கூப்பிடாமலே பேசும் வித்தையைப் பழகிக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க", "ஒரு நிமிஷம்", "அது வந்து" என்று ஆரம்பித்தால் உறவுமுறை இல்லாமலே ஒரு வாக்கியத்தைக் கரை சேர்த்துவிடலாம். போனில் அந்த அம்மாளின் எண்ணை 'அப்பா வீடு' என்று பதிந்து வைத்திருந்தாள்.

கேட்டைத் தள்ளியதும் மண் வாசனை அடித்தது. ஓட்டு வீடு, ஒரே தளம். முன்னால் கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம், பின்னால் நிறைய என்று நிலம் வீட்டைச் சுற்றிக் கிடந்தது. நடுவில் தொப்பி போட்டுக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு ஓர் ஆள் நின்றிருந்தார். அது அப்பா என்று நம்ப அவளுக்கு ஒரு விநாடி பிடித்தது. பால்கனியில் அம்மா வைத்திருந்த ஒரே செடிக்கு ஆறிப்போன டீயை ஊற்றி அதன் கதையை முடித்தவர் அவர்.

"அடடே, பூதம் வந்தாச்சு!"

பூதம் என்பது பூதக்கண்ணாடியின் சுருக்கம். சட்டையில் பிரிந்த நூல், சுவரில் எறும்பு, அடுத்தவர் முகத்தில் அரை விநாடி வந்து போன எரிச்சல் என்று எதையும் விடமாட்டாள் என்பதால் சின்ன வயசில் அண்ணன் வைத்த பெயர். அதற்கேற்ற வேலையும் அமைந்தது. எட்டு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறாள்.

"இந்தாங்க, ஒண்ணைப் பிடிங்க" என்று சின்னப் பெட்டியை நீட்டினாள்.

அப்பா நீட்டிய பெட்டியைத் தாண்டி வந்து அவள் தோளைத் தட்டினார். "பெட்டி எங்கே? பஸ்ஸுலயே விட்டுட்டியா?"

"கையில நீட்டிக்கிட்டு இருக்கேன், உங்களுக்கு விளையாட்டா?"

"அட, ஆமா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

புது வீட்டு மிதப்பு, தரையில் கால் பாவவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சமையலறையில் அந்த அம்மாள் முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்திருந்தார். ஒல்லியான உருவம், விறைப்பான முதுகு. பேசும்போதுகூட விரல்கள் மேஜை மேல் எதையோ டைப் அடித்துக்கொண்டிருக்கும்.

"வாம்மா. பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"டிரைவர் சார், கை கழுவிட்டு வாங்க. நகத்துக்குள்ள பாதித் தோட்டம் இருக்கு."

"உத்தரவு, டைப்பிஸ்ட் மேடம்."

இந்த 'வாங்க, போங்க'தான் மகளுக்கு என்னவோ செய்தது. அப்பாவும் அம்மாவும் முப்பத்தி மூணு வருஷம் 'ஏய்', 'இந்தா', 'காது கேக்குதா' என்றே குடும்பம் நடத்தியவர்கள். இங்கே மேடமும் சாரும் தூள் பறக்கிறது.

சாப்பிட்டு எழுந்தபோது அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார். "நாற்காலியை உள்ள தள்ளிடும்மா."

தள்ளினாள். தட்டைக் கழுவி வைத்து, அலமாரியைத் திறந்து ஒரு டம்ளர் எடுத்தாள்.

"கதவைச் சாத்திடும்மா. பாதி திறந்து கிடக்க வேணாம்."

சாத்தினாள். பையைக் கூடத்து ஓரத்தில் வைத்தாள்.

"பை அங்க வேணாம்மா. ஆணியில மாட்டிடு."

மூன்றாவது தடவை மகளுக்கு மூக்குக்கு மேல் வந்துவிட்டது. ஏதோ ஹாஸ்டலுக்கு வந்த மாதிரி என்ன சட்டதிட்டம் இது? அம்மா வீட்டில் நாற்காலி இஷ்டத்துக்கு நிற்கும், பை தரையில் கிடக்கும், யாரும் செத்துப்போய்விடவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மென்று விழுங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

அங்கேயும் ஒரு விநோதம் இருந்தது. பின்கட்டுக் கதவிலிருந்து பம்பு வரைக்கும், பம்பிலிருந்து கோடியில் இருந்த பெஞ்சு வரைக்கும் இடுப்பளவு உயரத்தில் தடிமனான கயிறு கட்டியிருந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த கற்கள்.

"இந்தக் கயிறு எதுக்கு?"

துணி உலர்த்த வந்த அந்த அம்மாள் ஒரு கணம் தயங்கினார். "அவரைக் கொடி ஏத்தறதுக்கு."

கொடி ஏற்றுவதற்குக் கயிற்றைச் சுவரோரமாக மேலே இழுத்துக் கட்டுவார்களா, நடக்கிற வழி நெடுகப் படுக்கையாகக் கட்டுவார்களா? இந்த அம்மாளுக்குத் தோட்டமும் தெரியாது, ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டினாள். அந்த முடிவில் அவளுக்கு ஒரு குட்டி சந்தோஷம்கூட இருந்தது.

அப்பாவோ ஒவ்வொரு பாத்தியாக அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். "இது புதினா. இது எலுமிச்சம்புல். கசக்கி மோந்து பாரு. இது ரோஜா, இப்பதான் வச்சிருக்கு. இங்க கத்தரி வரப்போகுது. அந்த மூலைக்கு எரு போடணும், அதைத்தான் இன்னைக்குச் செய்யலாம்னு இருந்தேன்."

உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதற்கு வேலை செய்வது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. "நான் அள்ளிப் போடறேன். நீங்க நாத்தை எடுத்துட்டு வாங்க."

ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் எருவை அள்ளி நாலு நடை கொண்டுபோய்க் கொட்டினாள். வியர்த்தது. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் கிளம்பியது. உள்ளுக்குள் இருந்த எரிச்சலும் கொஞ்சம் கரைந்தது. ஐந்தாவது நடையில் பாதி வழியில் வண்டியை விட்டுவிட்டுக் கை கழுவப் பம்புப் பக்கம் போனாள்.

அப்பா பின்கட்டுக் கதவிலிருந்து நாற்றுத் தட்டோடு வெளியே வந்தார். இரண்டு கையிலும் தட்டு. நேராக அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

பட்டப்பகல். பளீர் வெயில். பச்சைப் பெயிண்ட் அடித்த, ஓர் ஆட்டுக்குட்டி அளவுக்கு இருந்த வண்டி. 'விலகிப் போவார்' என்றுதான் அவள் நினைத்தாள். எவனும் விலகிப் போவான்.

அவர் விலகவில்லை. முழங்கால் வண்டியின் விளிம்பில் மோதியது. தட்டு பறந்தது. அப்பா முகம் குப்புற வண்டியின் மேலேயே விழுந்து, பக்கவாட்டில் உருண்டு, கல்லில் தலை இடிக்காமல் ஒரு சாண் தள்ளிக் கிடந்தார். கெண்டைக்கால் கிழிந்து ரத்தம் வந்தது.

"சித்தி! சித்தி, ஓடி வாங்க!"

தன் குரல்தான் அது என்பதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

சித்தி ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். அப்பாவின் தலையைப் பிடித்துப் பார்த்தார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். அப்புறம் திரும்பினார். அவர் குரல் அவ்வளவு உயர்ந்து மகள் கேட்டதில்லை.

"வண்டியை வழியில யாரு விட்டது?"

"நான்தான். கை கழுவ..."

"வழியில எதையும் விடக்கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளுக்கு யாரும் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது.

"விடுங்க மேடம்" என்றார் அப்பா, தரையில் கிடந்தபடி. "எனக்கு ஒண்ணுமில்ல. நாத்துதான் போச்சு."

இரண்டு பேரும் கைத்தாங்கலாகப் பெஞ்சுக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு முறியவில்லை. வெட்டும் ஆழமில்லை. ஆனால் முழங்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

"ஃப்ரிட்ஜுல ஐஸ் இருக்கு. எடுத்துட்டு வர்றியாம்மா?"

ஓடினாள். ஐஸ் தட்டை உருவி எடுத்தாள். கதவைச் சாத்தப் போனபோது, கதவுத் தட்டில் முட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அவள் அந்த மருந்தின் பெயரைப் படிக்கவே தேவையில்லை. பச்சைப் பட்டை போட்ட அந்தப் பெட்டியை வாரத்துக்கு மூன்று பேராவது கடைக்குக் கொண்டுவந்து, 'இதைப் போட்டுக்கிட்டே கண்ணாடி மாத்தலாமா?' என்று கேட்பார்கள்.

கண்ணில் அழுத்தம் ஏறியவர்கள் போட்டுக்கொள்ளும் சொட்டு மருந்து. சத்தம் போடாத வியாதி அது. வலிக்காது, சிவக்காது. நேர் பார்வையை விட்டுவிட்டு ஓரங்களிலிருந்து ஆரம்பிக்கும். பக்கத்தில் இருப்பது போகும், காலடியில் இருப்பது போகும். நடுவில் மட்டும் கடைசி வரைக்கும் பளிச்சென்று தெரியும். அட்டையில் இருக்கிற பொடி எழுத்தெல்லாம் படித்துவிடுவார்கள்.

அப்பா படித்தார். ஆறு மாதம் முன்னால், அவள் கடையில், அவள் முன்னால் உட்கார்ந்து, கடைசி வரியைக் கடகடவென்று படித்துவிட்டு, "எப்படி, பாஸா?" என்று கேட்டார். 'கழுகுக் கண்ணுப்பா உங்களுக்கு' என்று சொல்லி அவள்தான் படிக்கிற கண்ணாடி மட்டும் போட்டு அனுப்பினாள்.

ஐஸ் விரலைச் சுட்டது. பெட்டியையும் எடுத்துக்கொண்டு திரும்பினாள். வாசலில் சித்தி நின்றிருந்தார். பஞ்சு எடுக்க வந்திருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள் மகள்.

"பதினாலு மாசம்."

"அப்ப கல்யாணத்துக்கு முன்னாடியே?"

"ஆமா."

"உங்களுக்குத் தெரியுமா அப்ப?"

"தெரியுமே. நாங்க லைப்ரரியில சந்திச்சோம்னு சொன்னாருல்ல? அது பொய். கண் ஆஸ்பத்திரி வரிசையில. எனக்குக் கேடராக்ட் ஆபரேஷன். நாலு மணி நேரம் உட்கார வச்சாங்க. இவரு எனக்குப் பக்கத்து நாற்காலி." சித்தி பஞ்சைப் பிய்த்துக்கொண்டே பேசினார். கோர்ட்டில் வாக்குமூலம் அடிக்கிற மாதிரி, ஒரு சொல் கூடாமல் குறையாமல். "ரெண்டாவது தரம் பார்த்தப்பவே சொல்லிட்டாரு. 'ஒரு நாள் எனக்கு இதுவும் தெரியாமப் போகலாம், யோசிச்சுக்குங்க'ன்னு. நான் ஒரு வாரம் யோசிச்சேன்."

"அந்த வீட்டு ஃப்ரிட்ஜை வாராவாரம் நான்தானே துடைச்சேன். ஒரு நாளும் இது என் கண்ணுல படலையே."

"சனிக்கிழமை சாயங்காலமே எடுத்து ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சிருவாராம். நீ ஞாயித்துக்கிழமை போனதும் திரும்ப உள்ள வைப்பாராம்."

அவள் வாசல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள்.

"கயிறு கொடிக்கு இல்ல" என்றாள்.

"இல்ல."

"நாற்காலி, கதவு, பை..."

"ஒரு சாமான் எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும், இடிச்சுக்க மாட்டாரு. அந்த வீட்டுல மூணு மாடி இருட்டுப் படி. கீழ இறங்கினா பைக்கு. ஒரு நாள் ஒருத்தன் இவரை உரசிட்டுப் போனான், பார்த்தேன். அன்னைக்கே சொன்னேன், தரையோட தரையா ஒரு வீடு பார்க்கலாம்னு. இப்ப கண்ணு தெரியறப்பவே ஒவ்வொரு அடியையும் பழகிடட்டுமேன்னு. தோட்டம் இவரோட ஆசை. எனக்கு மண்ணும் தெரியாது, செடியும் தெரியாது." சித்தி பஞ்சை எடுத்துக்கொண்டார். "வாம்மா, ஐஸ் உருகுது."

பெஞ்சில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் கையில் இருந்த பெட்டியை, முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டிய பிறகுதான் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கழுகுக் கண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"உன் மேல தப்பு இல்ல. எழுத்து நல்லாத்தான் தெரிஞ்சுது."

"நான் கண்ணாடிக் கடையில உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கண்ணு பார்க்கறேன். என்கிட்ட சொல்லல. வரிசையில பக்கத்துல உட்கார்ந்தவங்ககிட்ட சொல்லியிருக்கீங்க."

"அதனாலதான் சொல்ல முடிஞ்சுது" என்றார் அப்பா. "உங்கம்மா படுத்திருந்த எட்டு மாசம் நீ எப்படி இருந்தேன்னு நான் பார்த்தேன். வேலைக்குப் போவே, ஆஸ்பத்திரிக்கு வருவே, வீட்டுக்கு வந்து சமைப்பே. பொண்ணு பார்க்க வந்தவங்களை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினே. முடிஞ்சு அப்பதான் கொஞ்சம் சிரிக்க ஆரம்பிச்சிருந்தே. அடுத்த நோயாளி நான்தான்னு எப்படி வந்து நிக்கறது?"

அவள் அவர் முழங்காலில் ஐஸை வைத்து அழுத்தினாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள். அவர் 'ஸ்ஸ்' என்றார்.

"அம்மா போன துக்கத்துலதான் வேலையை விட்டீங்கன்னு நினைச்சேன்."

அப்பா தோட்டத்தைப் பார்த்தார். "ஒரு நாள் காலையில, மார்க்கெட் திருப்பம். இடது பக்கம் திரும்பறேன். சைடு கண்ணாடி டப்னு உடைஞ்சு விழுது. நிறுத்திட்டு இறங்கிப் பார்த்தா, சைக்கிளோட ஒரு பொம்பளை சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கறா. கேரியர்ல கோழி முட்டைக் கூடை. ஒரு முட்டைகூட உடையல. அவளுக்கும் கீறல் இல்ல. நாலு விரல் இடைவெளி. அவ அங்க இருந்ததே எனக்குத் தெரியாது, பூதம். முப்பது வருஷத்துல நான் ஒரு நாயைக்கூட அடிச்சதில்ல." தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கு ட்ரிப்பை முடிக்கல. பஸ்ஸை அங்கேயே விட்டுட்டு, டிப்போவுக்கு நடந்தே போய் எழுதிக் கொடுத்துட்டேன். மறுநாள் கண் ஆஸ்பத்திரி."

சித்தி குனிந்து காயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையை அவர் முன்பே கேட்டிருக்கிறார் என்பது அவர் கையின் நிதானத்தில் தெரிந்தது.

மகள் எழுந்தாள். உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அப்பாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"இடது கண்ணை மூடுங்க. நான் வலது கண்ணை மூடிக்கறேன். என் கண்ணையே பாருங்க, வேற எங்கயும் பார்க்காதீங்க. விரல் ஆடறது தெரிஞ்சதும் சொல்லுங்க."

"இப்ப எதுக்கும்மா இது?"

"சொன்னதைச் செய்ங்க."

கையை நன்றாக விரித்து, தோளுக்கு வெளியே ஒரு விரலை ஆட்டிக்கொண்டே மெதுவாக உள்ளே கொண்டுவந்தாள். இந்தச் சோதனையில் பரிசோதிப்பவரின் கண்தான் அளவுகோல். அவளுக்குத் தெரிகிற இடத்தில் அவருக்கும் தெரிய வேண்டும்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் பேசாமல் இருந்தார்.

விரல் இன்னும் உள்ளே வந்தது. காதுக்கு நேரே. கன்னத்துக்கு நேரே.

"ம்... இப்ப."

மேலிருந்து. "இப்ப." அது பரவாயில்லை. கீழேயிருந்து. விரல் முழங்காலிலிருந்து கிளம்பி வயிற்றைத் தாண்டி, மார்பைத் தாண்டி, தாடைக்கு வந்தது.

"இப்ப."

அடுத்த கண்ணையும் பார்த்தாள். அது இதைவிடக் கொஞ்சம் மேல். நாலு திசை, இரண்டு கண். கடையில் செய்வது போல ஒரே குரலில் 'சரி, அடுத்தது' என்று சொல்லிக்கொண்டே போனாள். முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கை நடுங்கியது. அப்பாவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அது அவர் பார்வைக்குக் கீழே இருந்தது. சித்தி மட்டும் பார்த்தார். பஞ்சைப் போட்டுவிட்டு அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார். மகள் உதறவில்லை.

"பாஸா?" என்றார் அப்பா.

"ஃபெயில். ஆனா சொட்டு மருந்தை ஒழுங்கா போட்டா இந்த மார்க்கு அப்படியே நிக்கும். ஒரு நாளும் விடக்கூடாது."

"ராத்திரி ஒன்பது மணிக்கு நான்தான் போடறேன்" என்றார் சித்தி. "இதுவரைக்கும் ஒரு நாள் விடல."

"கயித்துல அங்கங்க முடிச்சுப் போடுங்க சித்தி. பம்புக்கு ஒரு முடிச்சு, பெஞ்சுக்கு ரெண்டு. கையில தட்டுப்பட்டா எங்க இருக்கோம்னு தெரியும். அந்தத் தள்ளுவண்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கணும். பச்சைப் புல்லுல பச்சை வண்டி, எனக்கே தெரியாது."

"எழுதிக்கறேன்" என்றார் சித்தி. உண்மையிலேயே பேனாவை எடுத்து எழுதினார்.

மூன்று மணி பஸ் போயிற்று. யாரும் கவனிக்கவில்லை. கொட்டிப்போன நாற்றுகளில் பதினொன்று பிழைத்தது. அப்பா பெஞ்சிலிருந்து சத்தம் போட்டுச் சொல்லச் சொல்ல, தோட்டமே தெரியாத இரண்டு பேரும் மண்ணைக் கிளறி நட்டார்கள். "ரெண்டு விரக்கடை ஆழம்! கழுத்தை நெரிக்காதே! டைப்பிஸ்ட் மேடம், அது தலைகீழா இருக்கு!" என்று அவர் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக் கோழி மிரண்டு ஓடியது. மகள் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

கிளம்பும்போது சித்தி கேட் வரைக்கும் வந்தார். கையில் குறிப்பு எழுதிய காகிதம் இருந்தது. ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தார்.

"சொல்லுங்க."

"டாக்டர் முதல் நாளே ஒண்ணு சொன்னாரு. பிள்ளைங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்து கண்ணைப் பார்த்துடுங்கன்னு. நான் பத்துத் தடவை சொல்லிட்டேன். 'சரி, சரி'ங்கறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு."

"இது குடும்பத்துல வர்றதுதான். தினமும் கடையில வர்றவங்ககிட்ட நானே சொல்றேன், 'கூடப் பிறந்தவங்களையும் பார்த்துக்கச் சொல்லுங்க'ன்னு." சொல்லிவிட்டுத்தான் யோசித்தாள். தன் கண் அழுத்தத்தை அவள் பார்த்து எத்தனை வருஷம் இருக்கும்? "நாளைக்குக் கடைக்கு டாக்டர் வர்ற நாள். நான் பார்த்துக்கறேன். அண்ணன்கிட்டயும் சொல்லிடறேன்."

நொண்டிக்கொண்டே வாசல் வரை வந்திருந்த அப்பாவின் குரல் பின்னால் கேட்டது. அவருக்குக் காது கூர்மை.

"அவன்கிட்ட நீ ஒண்ணும் கேக்காதே, பூதம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாம். நானே பேசிக்கறேன்." நகத்தில் இருந்த மண்ணைச் சுரண்டுவதில் மும்முரமாக இருந்தார். நகத்தில் மண்ணே இல்லை. அவள் பார்த்தாள்.

கல்யாணத்துக்கு வராத மகன் மேல் இருக்கிற கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது கோபமான முகமாக இல்லை.

ஐந்து மணி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். நாலு தரம் மணியடித்த பிறகு எடுத்தான். பின்னால் காற்று இரைந்தது. இரும்பு உரசும் சத்தம் கேட்டது.

"சொல்லு பூதம். சீக்கிரம் சொல்லு."

"ஒண்ணுமில்ல. நீ கண் டாக்டர்கிட்ட காட்டி எவ்வளவு நாளாச்சு?"

காற்று மட்டும் இரைந்தது.

"அப்பா சொல்லிட்டாரா?" என்றான். குரல் அடியோடு மாறியிருந்தது. "சொல்ல மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தாரே."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எதைடா?"

"என் கண்ணு விஷயம் கம்பெனியில யாருக்கும் தெரியாது. அண்ணிக்குக்கூடத் தெரியாது. நீ எதையாவது வெளியில..."

"நீ இப்ப எங்க இருக்கே?"

"எங்க இருப்பேன்? கிரேன் மேலதான். இன்னைக்கு டபுள் ஷிஃப்ட்." யாரோ கீழேயிருந்து விசில் ஊதுவது கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். "கீழ ஆளுங்க நிக்கறாங்க. வச்சிடு, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டான். திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தாள்.

பஸ் வந்து நின்றது. ஏறி, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை.

கண்டக்டர் டிக்கெட் கட்டை எடுத்தார். "எங்கேம்மா?"

"துறைமுகம்" என்றாள். "எவ்வளவு சீக்கிரம் போகும்?"